ஸ்ரெல்லா அக்காவின் எழுபத்து நாலு பக்கங்கள்

"தம்பி, எத்தினையாவது பேரிலை நிண்டது?"

என்று ஸ்ரெல்லா அக்கா என்னைக் கேட்டார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெயர்களைக் கம்பியூட்டருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தோம். இடையில் மின்சாரம் போய்விட்டது. எந்தப் பெயர் வரை உள்ளே போனது என்றுதான் அவர் கேட்டார். ஏற்றுகிற புரோகிராமை எழுதியவன் நான், ஆகவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தேன். அதுவும் நின்றிருந்தது.

இது 1989 பெப்ரவரியில் நடந்தது. ஸ்ரெல்லா அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. குருநகரில் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கும் சிமியோனின் மூத்த மகள். அங்குள்ள ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தார். மூன்று வருடமாகத் தற்காலிக எழுதுவினைஞர். ஒவ்வொரு தைப்பொங்கலுக்குப் பிறகும் சங்கக் கமிட்டி கூடி, அவரை இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாக வைத்திருக்கத் தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சுச் செய்வதும் அவர்தான்.

அவர் தட்டச்சுச் செய்வதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். விரல் மெசினில் ஓடும், வாய் யன்னலுக்கு வெளியே நிற்பவருடன் கதைக்கும். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. தாளில் இருபத்தைந்து வரி வந்ததும் நிறுத்திவிடுவார். யார் வந்து கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் வரிகளை எண்ணுவார். தொகையை மூலையில் சிவப்புப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு சரி போடுவார். அதற்குப் பிறகுதான் அடுத்த தாள்.

அந்த மாதம் ஓர் உதவி நிறுவனம் சங்கத்து உறுப்பினர்களுக்கு நைலோன் வலை தருவதாக அறிவித்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லொறி வரும். பட்டியலில் பெயர் இருப்பவருக்கு வலை, இல்லாதவருக்கு இல்லை. பட்டியலும் மூன்று விதமாக வேண்டுமாம்: பெயர் வரிசையில் ஒன்று, வீதி வரிசையில் ஒன்று, வள்ள எண் வரிசையில் ஒன்று. தட்டச்சு மெசினில் செய்வதென்றால் எல்லாப் பெயர்களையும் மூன்று தரம் அடிக்க வேண்டும். ஸ்ரெல்லா அக்கா கமிட்டியில் எழுந்து, மானிப்பாயில் ஒருவரிடம் கம்பியூட்டர் இருக்கிறது, பெயர்களை ஒரு தரம் கொடுத்தால் அது மூன்று விதமாகவும் அடுக்கித் தரும் என்று சொன்னார்.

சங்கத் தலைவர் மனுவேல் பேதுருவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஐந்து வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி. கண்ணால் காணாத மீனை விலை பேசமாட்டார்.

"பிள்ளை, உந்தப் பெட்டி பிழைவிட்டால் நீயும் பெட்டியைக் கட்டு" என்றார்.

ஸ்ரெல்லா அக்கா சம்மதித்தார். அந்தக் கூட்ட அறிக்கையிலும் அதை அவரே தட்டச்சுச் செய்தார்: பட்டியல் சனிக்கிழமை சரியாக வராவிட்டால் எழுதுவினைஞர் பதவி விலகுவார்.

மானிப்பாயில் கம்பியூட்டர் வைத்திருந்தவர் கனகலிங்கம் அண்ணை. சவூதியில் ஆறு வருடம் இருந்துவிட்டு அதையும் ஒரு பிறின்ரரையும் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் அறையில் வகுப்பு நடத்தினார். ஒரு கம்பியூட்டர், பன்னிரண்டு மாணவர். ஒருவர் தட்ட, பதினொரு பேர் பார்ப்போம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரைக்கு மேலே அவர் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அலைந்த நான் அந்த வகுப்பில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரை எனக்குத் தந்தவனும் நானே. வேலையை என்னிடம் தந்தார்கள்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரெல்லா அக்கா சங்கத்து இடாப்பை, அதாவது உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து, ஓர் உறுப்பினருக்கு ஒரு வரி வீதம் தட்டச்சுச் செய்வார். இடாப்பு எண், பெயர், வீதி, வள்ளத்தின் எண் ஆகியவை ஒரு வரியில் வரும். என் புரோகிராம் அந்த வரிகளை வாசித்து, ஓர் அட்டவணைக்குள் ஒவ்வொன்றாகப் பதியும். அட்டவணை நிரம்பினால் எந்த வரிசையிலும் அச்சடிக்கலாம்.

அவர் ஒன்பது நாள் பின்னேரங்களில் சைக்கிளில் வந்து அத்தனை பெயர்களையும் அடித்து முடித்தார். கம்பியூட்டரில் தாள் முடிகிற பிரச்சினை இல்லை என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இருபத்தைந்து வரிக்கு ஒரு பக்கம் என்று எழுபத்து நாலு துண்டுகளாகச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். கடைசித் துண்டில் மட்டும் இருபத்தொரு வரி. அவர் வீட்டுக்குப் போனதும் நான் சிரித்துக்கொண்டே எழுபத்து நாலையும் ஒட்டி ஒரே நீளத் துண்டாக்கினேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஏற்றத் தொடங்கினோம். ஸ்ரெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். திரையில் சந்தனமும் இருந்தது. இரண்டு பக்கக் காவல் இருந்தும் என் புரோகிராம் நகரவில்லை. ஒரு பெயருக்குப் பன்னிரண்டு செக்கன். ஏனென்றால் ஒவ்வொரு பெயரையும் பதிந்தவுடன் பெயர் வரிசை, வீதி வரிசை, வள்ள எண் வரிசை மூன்றையும் அது முதலிலிருந்து சரிபார்த்து அடுக்கியது. அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர். கனகலிங்கம் அண்ணை மூன்று தரம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, மெசின் சூடாகிறது என்று அதற்கு விசிறினார். இன்னொரு பிழையும் இருந்தது. கடைசிப் பெயர் போன பிறகே அட்டவணையை மூட வேண்டும் என்று எழுதியிருந்தேன். மூடாத அட்டவணை மூடாத பெட்டி போன்றது, கை தட்டுப்பட்டால் உள்ளே இருப்பது கொட்டுப்படும்.

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போனது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

ஒன்றரைக்கு மின்சாரம் வந்ததும் மெசினிடம் கேட்டுப் பார்த்தேன். அட்டவணை அறுநூற்று நாற்பது பெயர் என்றது. பெயர் வரிசை அறுநூற்று ஐம்பத்தைந்து என்றது. வீதி வரிசை திறக்கவே மறுத்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஓட்டுவோம், ஆனால் ஒரு பெயர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதைத் தாண்டிப் போகச் சொல்லுவோம். அப்போது யாரும் இரண்டு தரம் வரமாட்டார்கள். இதைக் கண்டுபிடித்ததற்காக நான் எனக்குள்ளே கொஞ்சம் மகிழ்ந்தும் கொண்டேன்.

நாலு மணிக்கு முடிந்தது. பெயர் வரிசைப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். ஸ்ரெல்லா அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பேப்பர் மெல்லிசாக் கிடக்கு."

கம்பியூட்டர் நெருக்கி அடிக்கும் என்று நான் சொன்னேன். ஆறு மணிக்குப் பிறகு தெருவில் நிற்க முடியாத காலம் அது. அவர் எண்ணிப் பார்க்க நேரமில்லாமல் சைக்கிளில் ஏறினார்.

வெள்ளி காலை பாராட்டு வாங்கலாம் என்று நானும் குருநகருக்குப் போனேன். சங்க யன்னலில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் ஒரே வரியைக் காட்டி, அது நான் என்றார்கள். அந்த வரியில் இருந்த பெயர் ம. பேதுரு.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பொன்னம்பலம் இருக்கிறார், ஒரு சீவரத்தினம் இருக்கிறார். பெயரைச் சொன்னால் ஆளைத் தெரியும். குருநகரில் பிள்ளைக்குப் பாட்டனின் பெயரை வைப்பார்கள், பாட்டனுக்குப் புனிதரின் பெயர். மனுவேலின் மகனும் பேதுரு, மத்தேயுவின் மகனும் பேதுரு, மரியாம்பிள்ளையின் மகனும் பேதுரு. எல்லாரும் ம. பேதுரு. ஊருக்குள் கட்டுமரப் பேதுரு, சுருட்டுப் பேதுரு, றேடியோப் பேதுரு என்று பட்டப்பெயரால் பிரித்துக்கொள்வார்கள். பட்டப்பெயர் இடாப்பில் இல்லை. என் புரோகிராம் முதலில் வந்த ஒரு பேதுருவை உள்ளே விட்டது. மின்சாரம் போன இடத்துக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம், நீ ஏற்கெனவே வந்துவிட்டாய் என்று தாண்டிப் போய்விட்டது. சிமியோன்களுக்கும் அதே கதிதான். ஸ்ரெல்லா அக்கா எண்ணி முடித்திருந்தார். பட்டியலில் இருந்தவர்கள் ஆயிரத்து முந்நூற்று இருபத்தேழு பேர். ஐந்நூற்றுப் பத்தொன்பது பேரை நான் விழுங்கியிருந்தேன்.

உள்ளே வந்த ஒரே ம. பேதுரு யாரென்று இடாப்பு எண்ணைப் பார்த்தபோது தெரிந்தது. தொண்ணூற்றாறு. றேடியோப் பேதுரு. வள்ளத்தை விற்றுவிட்டு, நாள் முழுக்க றேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பவர்.

"நான் கடலுக்குப் போய் ஆறு வரியம்" என்றார் அவர் அடக்கமாக. "எண்டாலும் தாறதை வேண்டாமெண்டு சொல்லுறது மரியாதையில்லை."

ஏழு பேரில் கடைசியாக நின்றவர் சங்கத் தலைவர். அவரும் ம. பேதுருதான். இடாப்பு எண் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"என்ரை சங்கத்திலை நான் இல்லை" என்றார். கோபம் என்பதைவிட அவர் முகத்தில் ஆச்சரியம்தான் கூட. பிறகு ஸ்ரெல்லா அக்காவைப் பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு லொறி. ஏழரைக்குப் பட்டியல் என்ரை கையிலை இருக்கோணும். இல்லாட்டி அண்டைக்குச் சொன்னது சொன்னதுதான்."

ஸ்ரெல்லா அக்கா என்னைக் கையால் காட்டியிருக்கலாம். நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். அவர் காட்டவில்லை. பட்டியல் தன்னுடையது, பிழையும் தன்னுடையது என்று சொல்லி, இடாப்பைச் சைக்கிள் கரியரில் கட்டினார்.

மானிப்பாய் வரையும் பக்கத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டே வந்தார். என்னை ஏசவில்லை, விசாரித்தார். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. மெசின் ஒரு பெயரைப் பதிந்தவுடன் என்ன செய்யும் என்று கேட்டார். மூன்று வரிசையையும் அடுக்கும் என்றேன்.

"ஒவ்வொரு பேருக்கும் ஒருக்கா அடுக்கிறதோ? எல்லாரையும் உள்ளை விட்டிட்டுக் கடைசியிலை ஒருக்கா அடுக்கினால் காணாதோ?"

போதும்தான் என்றேன். அதை நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்ததாக, ஏன் பெயரைப் பார்த்து ஆளை முடிவுசெய்தேன் என்று கேட்டார். இடாப்பு எண் ஒருவருக்கு ஒன்றுதானே, இரண்டு பேருக்கு ஒரே எண் வராதே. அதையும் நான் யோசித்திருக்கவில்லை. சுதுமலைச் சந்தி தாண்டும்போது எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை.

அறைக்குள் போனதும் நான் ஒட்டியிருந்த நீளத் துண்டைக் காட்டச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் இருவத்தைஞ்சு வரியிலை நிப்பாட்டினது களைச்சுப்போய் எண்டு நினைச்சீரோ? தலைவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கூப்பிடுவார். திரும்பி வரேக்கை எங்கை விட்டனான் எண்டு தேடினால் ஒருத்தன் ரெண்டு தரம் வருவான், இல்லாட்டி ஒருத்தன் விடுபட்டுப் போவான். அதாலை பாதியிலை நிண்ட தாளை நான் கிழிச்சுப்போட்டுப் புதிசா அடிப்பன். இருவத்தைஞ்சு வரிதானே போகும். சரி போட்ட தாளை ஒருநாளும் தொடமாட்டன். தலைவர் கூப்பிடுறதும் கரன்ற் போறதும் எனக்கு ஒண்டுதான்."

கனகலிங்கம் அண்ணை தன் ஜெனரேற்றரைத் தரலாம் என்று எழுந்தார். பிறகுதான் அது சுன்னாகத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு வாடகைக்குப் போயிருப்பது அவருக்கு நினைவு வந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

நான் புரோகிராமைத் திரும்ப எழுதினேன். எழுபத்து நாலு துண்டுகளையும் பழையபடி வைத்துக்கொண்டேன். அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது வந்த பக்கத்தின் எண்ணும் பதியப்படும். புரோகிராம் முதலில் ஒரு பக்கத்தின் இருபத்தைந்து வரியையும் வாசித்துப் பார்க்கும். ஒரு வரியில் இடாப்பு எண் இல்லாவிட்டாலோ, அந்த எண் முன்பே வந்திருந்தாலோ, அந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கி வைக்கும். அரைப் பக்கம் உள்ளே போகாது. எல்லா வரியும் சரியென்றால் இருபத்தைந்தையும் ஒன்றாகப் பதிந்து, அட்டவணையை மூடி, எத்தனை பதிந்தது என்று திரையில் சொல்லும். ஸ்ரெல்லா அக்கா அதை இடாப்புடன் ஒத்துப்பார்த்து, கொப்பியில் அந்தப் பக்க எண்ணுக்குச் சரி போடுவார். அதன் பிறகு நான் அடுத்த பக்கத்துக்கு விசையை அழுத்துவேன். வரிசைகளை அடுக்குவதெல்லாம் கடைசியில்.

பழைய அட்டவணையைத் துடைத்துவிட்டு, முதலாம் பக்கத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். இருபத்தைந்து. அதை அச்சடித்தும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் இரண்டாம் பக்கம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினோம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், அதிலும் மெசினுக்குப் போனது சில செக்கன்தான். மீதி ஸ்ரெல்லா அக்காவின் விரல் இடாப்பில் ஓடிய நேரம். பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து, கனகலிங்கம் அண்ணையின் சட்டைப் பையில் போட்டோம். அவர் அன்று முழுக்கக் குனியாமல் நடந்தார்.

ஒரு மணிக்கு மின்சாரம் போனது. நான் எழுந்து சுவிச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஸ்ரெல்லா அக்கா கொப்பியை மூடாமல் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தார். பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. மெசின் விழித்துக்கொள்ளுமுன்பே அவர் சொன்னார்:

"இருவத்தெட்டு வரைக்கும் சரி. இருவத்தொன்பதைத் துடையும்."

இருபத்தொன்பது என்று எண் போட்டவற்றை அட்டவணையில் தேடினேன். பதினொரு பெயர் உள்ளே போயிருந்தன. பதினொன்றையும் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். இருபத்தைந்து. மொத்தத்தில் ஒரு நிமிடம்தான் வீணானது. இரண்டாம் தரம் மின்சாரம் போனபோது நானும் ஒரு வடை சாப்பிட்டேன்.

இரண்டே முக்காலுக்குக் கடைசிப் பக்கமும் போனது. திரையில் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று என்று வந்தது. இருபத்தைந்து குறைவு. முதல் நாள் இப்படி வந்திருந்தால் நான் இடாப்பை முதலிலிருந்து புரட்டியிருப்பேன். இப்போது கொப்பியைப் பார்த்தோம். நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் சரி இல்லை, புரோகிராம் ஒதுக்கி வைத்ததும், பிறகு பார்ப்போம் என்று நாங்கள் விட்டுவிட்டு வந்த பக்கம் அது. திறந்து பார்த்தால் பதினேழாம் வரியில் இடாப்பு எண் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வரியில் இருந்த பெயர் யோ. சிமியோன்.

ஸ்ரெல்லா அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய அப்பா. ஊரிலுள்ள அத்தனை சிமியோன்களுக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தவர், தன் வீட்டுச் சிமியோனிடம் வந்ததும், தெரிந்த ஆள்தானே என்று கை தானாகத் தாண்டிவிட்டதாம்.

"அப்பருக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார். "நேற்று நீர் ஐஞ்சூறு பேரை விட்டதுக்கு நான் வாய் திறக்கேல்லை."

எண்ணைப் போட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றினோம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. மூன்று வரிசையையும் அடுக்கப் பத்து நிமிடம் ஆனது. பிறின்ரர் கிறீச்சிட்டுக்கொண்டு நாலே முக்கால் வரை அடித்தது. பட்டியல் மூன்றும் இடாப்பைவிடப் பாரமாக இருந்தன.

சனிக்கிழமை ஏழு மணிக்கே தலைவர் பட்டியலை வாங்கி, யாரையும் கிட்ட விடாமல் முதலில் தன் பெயரைத் தேடினார். பன்னிரண்டு ம. பேதுருக்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவராக நின்றார்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டைக் கண்டதும் அதற்குக் கீழே நகத்தால் ஒரு கோடு கிழித்தார். லொறியில் வந்தவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள், எண்ணுக்கு உரியவர் போய் வலையை வாங்கினார். ஒருவர்கூட இரண்டு தரம் வாங்கவில்லை, ஒருவர்கூட வெறுங்கையுடன் போகவில்லை. றேடியோப் பேதுருவும் வாங்கினார். தலைவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. எழுதுவினைஞரின் பதவி விலகலைப் பற்றிய தீர்மானத்தை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதைக் கிழித்துவிட்டு, நிரந்தர நியமனக் கடிதம் ஒன்றை அடிக்கும்படி தலைவர் ஸ்ரெல்லா அக்காவிடம் சொன்னார். அவர் அடித்துக் கொடுத்தார், தலைவர் கையெழுத்திட்டார். அன்று பின்னேரம் குருநகரிலிருந்து எனக்கு ஒரு பெரிய ஒட்டி மீன் சட்டியில் மானிப்பாய்க்கு வந்தது. எங்கள் வீட்டில் அது சைவ நாள், ஆகவே கனகலிங்கம் அண்ணை வீட்டுக்குப் போனது. அவர்கள் சமைத்துவிட்டுச் சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினார்கள்.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது கொழும்பிலோ கனடாவிலோ கம்பியூட்டர் வேலை பழகிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் ஒருநாள் ஆயிரம் பெயர்களைக் கொடுத்து உள்ளே ஏற்றச் சொல்லுவார்கள். அடுத்த கடிதத்தில் ஊர்ப் புதினங்களுடன் ஸ்ரெல்லா அக்காவின் கதையையும் எழுதி அனுப்பிவிடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம், அவருடைய பெயரைப் போடுங்கள். குருநகரில் ஸ்ரெல்லாக்கள் நாலு பேர் இருக்கிறார்கள், ஆகவே சங்கத்து ஸ்ரெல்லா என்று எழுதுங்கள்.